பந்தயம் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டை மற்ற நாய்களுக்குப் பழக்குவது எப்படி?

பந்தயம் ஓடி ஓய்ந்த எங்கள் கிரேஹவுண்ட் நிலா, வீட்டுக்கு வந்து நாலாவது நாள். மெல்பர்னில் எங்கள் தெருமுனையில், பக்கத்து வீட்டம்மாவின் வெள்ளைக் குட்டி நாய் பஞ்சுப் பொதி உருண்டு வருவதுபோலத் துள்ளிக்கொண்டு வந்தது. அதுவரை பின்னால் மடங்கிக் கிடந்த நிலாவின் காதுகள் சட்டென்று நட்டுக்கொண்டன. வாய் மூடிக்கொண்டது. வால் அசையவில்லை. அவள் குரைக்கவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எப்படியோ திருப்பி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், அது எங்கே வளர்ந்தது என்று யோசியுங்கள்

பெரும்பாலான பந்தய கிரேஹவுண்டுகள் பிறந்ததிலிருந்து கிரேஹவுண்டுகளோடு மட்டுமே வளர்ந்தவை. இங்கே ஒரு பந்தயத்தில் எட்டு நாய்கள் வரை ஓடும். இழுபடும் பொம்மையைத் துரத்தி 500 மீட்டர் சொச்சத்தை அரை நிமிடத்தில் முடித்துவிடும். அப்படி வளர்ந்த நாய்க்குச் சப்பை மூக்கு பக்கும் சுருட்டை முடி பூடிலும் நாய்களாகவே தெரியாமல் போகலாம். சின்னதாக, வேகமாக எது ஓடினாலும் அது துரத்த வேண்டிய பொருள். சிப்பிப்பாறை நாய் முயலைக் கண்டதும் எப்படி மாறும் என்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிரேஹவுண்டும் அதேபோலக் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம்தான். ஆகவே உங்கள் நாயைக் கோபக்கார நாய் என்று முதல் வாரத்திலேயே முடிவு கட்டிவிடாதீர்கள்.

சாமான்கள்

கிரேஹவுண்டின் கழுத்து தலையைவிட அகலம். சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து பின்பக்கமாக நழுவி வெளியே வந்துவிடும். இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். லீஷ், அதாவது பிடித்து நடக்கும் கயிறு, இரண்டு மீட்டருக்குள், நீளம் மாறாததாக இருக்கட்டும். பட்டனை அழுத்தினால் நீளும் வகை வேண்டவே வேண்டாம். இந்த நாய் சில தாவல்களிலேயே முழு வேகத்தைத் தொட்டுவிடும். அந்த வேகத்தில் கயிறு தீர்ந்து வெட்டி இழுத்தால் கழுத்துக்கே ஆபத்து.

வாய்க்கூடை போடுவது பாவம் என்று பலர் தயங்குகிறார்கள். கூடை மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் வகையில் நாய் தாராளமாக மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். பந்தய நாய்க்கு அது பழகிய பொருள்தான். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் வீட்டு கிரேஹவுண்டுக்குப் பொது இடத்தில் வாய்க்கூடை கட்டாயமில்லை, ஆனால் லீஷ் கட்டாயம். சட்டம் கேட்காவிட்டாலும் முதல் சில மாதங்கள் நான் நிலாவுக்குப் போட்டேன். என் கை நடுக்கம் குறைந்தது, அவளும் அமைதியானாள்.

முதல் இரண்டு வாரம் யாரையும் அறிமுகப்படுத்தாதீர்கள்

படிக்கட்டு, கண்ணாடிக் கதவு, டிவி எல்லாமே அதற்குப் புதுசு. ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், ஒரே பாதையில் நடக்க விடுங்கள். போதும்.

தூரம்தான் மருந்து

இந்தப் படியில்தான் பெரும்பாலும் அவசரப்படுகிறோம். வேகவைத்த கோழியைச் சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக்கி ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். நாய்கள் நடமாடும் பூங்காவுக்கு வெளியே, எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நில்லுங்கள். உங்கள் நாய் மற்ற நாயைப் பார்க்கிறது, ஆனால் உடல் தளர்வாக இருக்கிறது. அதுதான் சரியான தூரம். நிலாவுக்கு அது முதலில் 40 மீட்டருக்கு மேல்.

அவள் அந்த நாயைப் பார்த்த உடனே ஒரு துண்டு கொடுப்பேன். மறுபடி பார்த்தால் மறுபடி ஒரு துண்டு. நாய் மறைந்ததும் கோழியும் நின்றுவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டவில்லை. மூன்றாவது வாரம் ஒரு மாலையில், தூரத்தில் ஒரு லாப்ரடாரைப் பார்த்தவள், நான் கையை அசைக்கும் முன்பே திரும்பி என் சட்டைப் பையைப் பார்த்தாள். அந்தத் திரும்பலுக்காகத்தான் இவ்வளவும். அது வந்த பிறகு இரண்டு மூன்று மீட்டர் முன்னே நகருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது எல்லாம் பயத்தின் அடையாளம். சிலை மாதிரி உறைந்து நின்றுவிடுவதும் கிரேஹவுண்டுகளிடம் சகஜம், இழுக்காமல் ஒரு பக்கமாகத் திரும்பி நடங்கள். காது நட்டு, வாய் மூடி, கண் இமைக்காமல் முறைத்தால் அது துரத்தும் எண்ணம். கோழியை நீட்டினாலும் வாங்காது. உடனே தூரத்தைக் கூட்டுங்கள், திட்டாதீர்கள்.

அப்புறம், ஒரே ஒரு நாய்

அமைதியான, நடுத்தர வயது நாய் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரிய நாயாக இருந்தால் நல்லது. இரண்டு பேர், இரண்டு லீஷ், நடுவில் அகலமான இடைவெளி. ஒரே திசையில் பக்கவாட்டில் நடங்கள். நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். இருபது நிமிடம் நடந்து இரண்டும் தரையை மோப்பம் பிடிக்கத் தொடங்கினால், பின்பக்கத்தை முகர விடலாம். மனதுக்குள் மூன்று எண்ணி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு நகர்ந்துவிடுங்கள். லீஷ் தளர்ந்தே இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் உங்கள் பதற்றம் அப்படியே அதற்குப் போய்ச்சேரும்.

வேலி போட்ட நாய்ப் பூங்காவில் அவிழ்த்துவிடும் யோசனையைக் கைவிடுங்கள். கிரேஹவுண்டின் தோல் மிக மெல்லியது. மற்ற நாய்கள் விளையாட்டாகக் கவ்வினாலே கிழிந்து தையல் போட வேண்டி வரும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால்

வெளியே சேர்ந்து நடந்துவிட்டு ஒன்றாக உள்ளே வாருங்கள். சாப்பாடு தனித்தனி அறையில். நீங்கள் இல்லாதபோது நடுவில் கதவோ தடுப்போ இருக்க வேண்டும். படுக்கையையும் தனியாக வையுங்கள். பல கிரேஹவுண்டுகள் கண் திறந்தபடியே ஆழ்ந்து தூங்கும். மற்ற நாய் வந்து மேலே விழுந்தால் திடுக்கிட்டுக் கடித்துவிடலாம், அதை வம்புச்சண்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாதங்கள் போயும் முறைப்பு குறையவில்லை, பாய்ச்சல் கூடுகிறது என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல் வலியும் மூட்டு வலியும்கூட நாயைச் சிடுசிடுப்பாக்கும். வலி எதுவும் இல்லையென்றால், தண்டிக்காமல் பழக்கும் பயிற்சியாளரைத் தேடுங்கள். சில கிரேஹவுண்டுகள் சின்ன நாய்களோடு கடைசிவரை ஒத்துப்போவதே இல்லை. அவற்றுக்குப் பெரிய நாய்த் தோழன் ஒன்று இருந்தாலும் போதும், யாருமே இல்லாவிட்டாலும் நிம்மதியாக வாழும்.

நிலா இப்போது அந்த வெள்ளைக் குட்டியை நாலு மீட்டரில் கடந்துபோகிறாள். பக்கத்து வீட்டம்மா நின்று பேசினால் நானும் பேசுகிறேன், ஒரு கை கோழி டப்பாவில் இருக்க.