48 பெரிதா, 12 பெரிதா? கேமரா வாங்கும்போதும் படம் எடுக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசிமகத்தன்று விடியும் முன்பே தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விட்டோம். தீர்த்தவாரிக்கு வந்த சாமிகளை என் அண்ணன் மகன் புதிய 48 மெகாபிக்சல் கைபேசியில் எடுத்தான். என்னிடம் இருந்தது 2008-இல் வெளிவந்த நிக்கான் டி90. வெறும் 12 மெகாபிக்சல். வீட்டில் கணினித் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தபோது அவன் முகம் வாடிவிட்டது. கருக்கலில் எடுத்த அவன் படங்களில் வானமெங்கும் பொரிப்பொரியாகப் புள்ளிகள். சாமிக்குச் சாத்திய மாலையில் பூக்கள் அப்பிக்கிடந்தன.

“சித்தப்பா, நான்கு மடங்கு என்று சொல்லித்தானே கடையில் கொடுத்தார்கள்?”

எண்ணிக்கை நான்கு மடங்குதான். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். ஆனால் அவை உட்கார்ந்திருக்கும் சென்சார், அதாவது ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு, எவ்வளவு பெரியது என்று கேட்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. டி90-இன் சென்சார் ஏறக்குறைய 24க்கு 16 மில்லிமீட்டர். அவன் கைபேசியில் இருப்பது 6.4க்கு 4.8, பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மனையைக் கூறு போட்டால் கூறுகள் கூடும், மனை பெருகாது. ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கிற வெளிச்சம் சொற்பமாகிவிட, அதைக் கேமரா பெருக்கும்போது நாய்ஸ் எனப்படும் அந்தப் பொரிப்புள்ளிகளும் சேர்ந்தே பெருகுகின்றன. அவற்றை மென்பொருள் துடைக்கப் போய்த்தான் பூவிதழ்களும் அழிந்தன.

இதை அறிந்தே இத்தகைய கைபேசிகள் வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத் தருகின்றன. இவனோ செட்டிங்ஸில் முழு 48-ஐத் தேர்ந்தெடுத்திருந்தான். நல்ல வெயிலில் அது பயன்படும். கருக்கலில் தொடவே கூடாது.

எண்ணிக்கை நான்கு மடங்கானால் நுணுக்கமும் நான்கு மடங்காகாது. 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000; 48 என்றால் 8000க்கு 6000. ஒவ்வொரு பக்கமும் இரண்டு மடங்குதான், அதுவும் லென்ஸ் ஈடுகொடுத்தால். ஆல்பத்தில் வைக்கும் 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட சுமார் 22 லட்சம் புள்ளிகள் போதும். தொலைவில் நின்று பார்க்கும் கல்யாண பேனருக்கு அந்த அடர்த்திகூட வேண்டாம். பிச்சாவரத்தில் எட்டத்தில் நிற்கும் கொக்கை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்க நினைப்பவருக்கு அதிக மெகாபிக்சல் உண்மையிலேயே உதவும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பழைய கலங்கரை விளக்கத்தை டிஜிட்டல் ஜூமில் இழுத்து எடுக்கிறார்கள். அதுவும் தவறுதான்: டிஜிட்டல் ஜூம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. இரண்டு மடங்கு இழுத்தால் கால் பங்குப் புள்ளிகளே மிஞ்சும். நடந்து கிட்டே போங்கள்.

கடலோர மக்களான நாம் செய்கிற இன்னொரு தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. உப்புக்காற்று லென்ஸில் மெல்லிய படலமாகப் படிகிறது. நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால் காலையில் ஒளிக்கு எதிரே நின்றுதான் எடுக்கிறோம். படலம் இருந்தால் படம் முழுதும் வெளிறிவிடும். சட்டை நுனியால் தேய்த்தால் மணல் லென்ஸைக் கீறும். முதலில் புளோயரால் ஊதி மணலை நீக்கி, பிறகு மென்மையான லென்ஸ் துணியால் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள், கண்ணாடியில் நீர் பூத்துவிடும். கடற்கரைக் காற்றின் சூடு ஏறும்வரை பையிலேயே இருக்கட்டும்.