சத்தம் போடாத, ஒல்லியான ஓவர்ஃப்ளோ: ரீஃப் தொட்டிக்கு நீங்களே செய்வது எப்படி?

ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வாங்குகிறவர்கள் விளக்கு, ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கை எடுக்கும் கருவி), உப்பு பற்றியெல்லாம் மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். ஓவர்ஃப்ளோவை மட்டும் கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். நானும் முதல் தொட்டியில் அப்படித்தான் விட்டேன். ஒரே குழாய், ஹாலில் தொட்டி, அதற்குப் பக்கத்திலேயே அம்மாவின் கட்டில். இரவு பத்து மணிக்கு டிவியை அணைத்ததும் 'களக்... களக்... கொர்ர்' என்று ஆரம்பித்தால் விடியும்வரை நிற்காது. ஒருநாள் அந்தக் குழாய்க்குள் ஒரு நத்தை ஏறி வாயை அடைத்துக்கொண்டது. காலையில் எழுந்து பார்த்தால் தரையெல்லாம் உப்புத் தண்ணீர். இப்போது நான் செய்கிற முறையில் சத்தமும் இல்லை, அந்தப் பயமும் இல்லை.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வழிந்து ஓடும் இல்லையா, தொட்டியில் ஓவர்ஃப்ளோ செய்வதும் அதே வேலைதான். மேலே வழிகிற தண்ணீர் பெட்டியில் விழுந்து, குழாய் வழியாகக் கீழே சம்ப்புக்குப் போகும் (வீட்டுத் தண்ணீர் சம்ப் போலவே, இது ஸ்டாண்டுக்குள் இருக்கும் சின்னத் தொட்டி), அங்கிருந்து பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். சத்தம் வருவது தண்ணீரால் அல்ல, தண்ணீரோடு சேர்ந்து குழாய்க்குள் போகிற காற்றால். ஒரே குழாயில் இரண்டும் முட்டி மோதும்போதுதான் அந்தக் களக் களக். ஆகவே தண்ணீருக்கு ஒரு குழாய், மிச்சத்துக்கு ஒரு குழாய், ஆபத்துக்கு ஒரு குழாய் என்று பிரித்துவிடுகிறோம். மீன் வளர்ப்பவர்கள் இதை 'பீன் அனிமல்' முறை என்பார்கள். இரண்டே குழாயில் செய்யும் 'ஹெர்பி' முறையும் உண்டு, அதுவும் அமைதியானதுதான், ஆனால் முதல் முறை செய்கிறவர்களுக்கு மூன்று குழாயைத்தான் சொல்வேன்.

1. அளவு போடுங்கள்

உதாரணத்துக்கு 120 செ.மீ. நீளம், 45 அகலம், 50 உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம், விளிம்பு வரை 270 லிட்டர். சம்ப் வழியாக மணிக்கு 2,000 லிட்டர் ஓடினால் இதற்குத் தாராளம். தண்ணீர் வழிகிற விளிம்பு 30 செ.மீ. நீளம் இருந்தால் அதன்மேல் தண்ணீர் சுமார் 10 மி.மீ. உயரத்துக்கு நிற்கும், 60 செ.மீ. வைத்தால் 6 மி.மீ.தான். விளிம்பு நீளமாக ஆக, வழிகிற தண்ணீர் மெல்லிசாகும், மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தையும் நன்றாக இழுத்துக்கொள்ளும். மீன் போகாமல் இருக்கச் சீப்புப் பல் போல வெட்டினால் வழியும் இடம் பாதியாகிவிடும், 30 செ.மீ. விளிம்பில் தண்ணீர் 16 மி.மீ. வரை ஏறும். அதனால் பல்லை 25 மி.மீ. உயரமாவது வெட்டுங்கள்.

2. பெட்டியை இரண்டாகப் பிரியுங்கள்

ஒல்லியாக இருப்பதன் ரகசியம் இதுதான். குழாய்களைத் தொட்டிக்குள் வைத்தால் பெட்டி 15 செ.மீ. தடிமனாகி, பாறை வைக்க வேண்டிய இடத்தைத் தின்றுவிடும். அதற்குப் பதில் உள்ளே கறுப்பு அக்ரிலிக்கில் 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. மட்டுமே தடிமன் உள்ள பெட்டி. பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியே 35 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலத்தில் இன்னொரு பெட்டி. இரண்டையும் கண்ணாடியில் போட்ட இரண்டு ஓட்டைகள் இணைக்கும், ஒன்றரை இஞ்ச் டேங்க் நிப்பிள் (ஓட்டையில் மாட்டி மரையால் இறுக்கும் குழாய் இணைப்பு) போதும். ஓட்டையின் நடுப்புள்ளி, தண்ணீர் வழிகிற விளிம்புக்கு 8 செ.மீ. கீழே இருக்கட்டும், அப்போதுதான் அது எப்போதும் தண்ணீரில் மூழ்கி இருக்கும், சத்தம் வராது. வெளிப்பெட்டியின் மேல்விளிம்பு தொட்டியின் மேல்விளிம்புக்குச் சமமாக இருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்காதீர்கள். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே 15 செ.மீ. விட மறக்க வேண்டாம்.

3. கண்ணாடியில் ஓட்டை

டஃபன்ட் கண்ணாடி (சூடேற்றிக் கெட்டிப்படுத்தியது) என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள், ட்ரில் பட்டதும் மொத்தமும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். செய்து கொடுத்தவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே கை வையுங்கள். சாதாரணக் கண்ணாடி என்றால் டைமண்ட் ஹோல் சா (ட்ரில்லில் மாட்டி வட்டமாக ஓட்டை வெட்டுவது) வேண்டும், அளவை டேங்க் நிப்பிளின் மரையை அளந்து வாங்குங்கள், ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனியிலும் சற்று மாறும். ஓட்டைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவே ஓட்டையின் விட்டம் அளவாவது கண்ணாடி மிச்சம் இருக்கட்டும்.

ஒரு மரப்பலகையில் அதே அளவு ஓட்டை போட்டு, அதைக் கண்ணாடிமேல் வைத்து கிளாம்ப் போட்டுக்கொண்டால் சா வழுக்காது. பின்பக்கம் அகல டேப் ஒட்டிவிடுங்கள். வேகத்தைக் குறைத்து வையுங்கள், கூட ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். கண்ணாடிப்பொடி பால் மாதிரி வெள்ளையாக வழியும், அப்படி வழிந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம், புகையோ காய்ந்த பொடியோ வந்தால் நிறுத்திவிடுங்கள். கையை அழுத்தவே வேண்டாம், மெஷினின் எடையே போதும். கடைசி ஒரு மில்லிமீட்டரில் சத்தம் கொஞ்சம் மாறும், அங்கேதான் அவசரப்பட்டு நிறையப் பேர் ஓரத்தைப் பெயர்த்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் மெஷினைச் சற்றுத் தூக்கியே பிடியுங்கள்.

4. மூன்று குழாய்கள்

வெளிப்பெட்டியின் அடியில் மூன்று ஒரு இஞ்ச் டேங்க் நிப்பிள்.

முதல் குழாய் சைஃபன். கேனிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சி எண்ணெய் இறக்குவார்களே, அதேதான், காற்றே இல்லாமல் முழுக்கத் தண்ணீர். மேலே எல்போ போட்டு அதன் வாய் கீழ்நோக்கி, ஆழத்தில் இருக்கட்டும். கீழே சம்ப்புக்குப் பக்கத்தில் ஒரு கேட் வால்வ், பல சுற்றுச் சுற்றி மெதுவாக மூடுவது. பால் வால்வ் வேண்டாம், கால் சுற்றில் மூடிவிடுவதால் நுணுக்கமாகத் திருப்ப முடியாது. பித்தளை வால்வ் வேண்டவே வேண்டாம், அதிலிருக்கும் செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும், பிவிசிதான் வாங்க வேண்டும். (பவளம் என்றதும் ஒரு வார்த்தை: இந்தியாவில் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து எடுத்தது என்று தெரிந்தால் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.)

இரண்டாவது குழாய், சைஃபன் விட்ட மிச்சத்துக்கு. இதன்வழியே சுவரோரமாக மெல்லிய இழையாகத் தண்ணீர் இறங்கும், நடுவில் காற்று இருந்தாலும் தண்ணீர் அதோடு மோதாது. இதன் மேல் எல்போவில் சின்ன ஓட்டை போட்டு ஒரு காற்று டியூபைச் செருகி, அதன் மறுமுனை வெளிப்பெட்டியின் சாதாரணத் தண்ணீர் மட்டத்துக்கு 1 செ.மீ. மேலே நிற்கும்படி வையுங்கள். சைஃபன் அடைத்தால் மட்டம் ஏறி அந்த முனையை மூடும், காற்று நின்றுவிடும், உடனே இரண்டாவதும் சைஃபனாக மாறித் தண்ணீரை இழுத்துவிடும். யாரும் பார்க்காமலே தானாக நடக்கிற இந்த வேலைக்காகத்தான் எனக்கு இந்த முறை அவ்வளவு பிடிக்கும்.

மூன்றாவது ஆபத்துக் குழாய், வாய் மேல்நோக்கி, சாதாரண மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே. எப்போதும் காய்ந்துதான் கிடக்கும். சும்மா கிடக்கிறதே என்று இதை வெட்டிவிட நினைக்காதீர்கள். இதன் கீழ்முனை சம்ப் தண்ணீருக்கு மேலேயே நிற்கட்டும், தண்ணீர் விழுந்தால் சத்தம் கேட்கும், ஏதோ அடைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மற்ற இரண்டும் சம்ப் தண்ணீரில் 2 செ.மீ. மட்டும் மூழ்கட்டும், அதிகம் மூழ்கினால் உள்ளே மாட்டிய காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்காது.

சாதாரண மட்டத்தை, தண்ணீர் வழிகிற விளிம்புக்கு 3 செ.மீ. கீழே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் இறக்கினால் அருவிச் சத்தம் கேட்கும். பெட்டிக்குள் இருக்கும் குழாய்களுக்குப் பசை போடாதீர்கள், உயரத்தை மாற்ற வேண்டி வரும்.

5. கரண்ட் போனால்?

பம்ப் நின்றதும் மேலே நிற்கும் தண்ணீர் கீழே வரும். நம் கணக்கில் தொட்டியில் ஒரு செ.மீ. என்பது 5.4 லிட்டர். பம்ப் தண்ணீரை விடும் முனை வழியாகவும் தண்ணீர் திரும்பி இறங்கும், அந்த முனை தண்ணீர் வழிகிற விளிம்புக்கு 2 செ.மீ. கீழே இருந்தால், விளிம்பின்மேல் நிற்பதையும் சேர்த்து 3 செ.மீ., அதாவது 16 லிட்டர். பல் வெட்டியிருந்தால் இன்னும் 3 லிட்டர். வெளிப்பெட்டி, குழாய் எல்லாம் சேர்ந்து இன்னொரு 8 லிட்டர். சம்ப்பில் 30 லிட்டராவது காலியிடம் இருக்க வேண்டும். செக் வால்வை (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுவது) நம்பி இதைக் குறைக்காதீர்கள், உப்பு படிந்தால் அது மூடாது.

6. ஓட்டிப் பாருங்கள்

முதலில் நல்ல தண்ணீரில், கேட் வால்வை முழுக்கத் திறந்து பம்ப்பைப் போடுங்கள். கொஞ்ச நேரம் காற்றைக் கக்கிக்கொண்டு பெரிய சத்தம் வரும், பயப்பட வேண்டாம். அடங்கியதும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள், ஒவ்வொரு திருப்பலுக்கும் பத்து நிமிடம் பொறுங்கள். மட்டம் ஏறி இரண்டாவது குழாயில் இழை மாதிரி இறங்க ஆரம்பித்ததும் கையை எடுத்துவிடலாம்.

அப்புறம் மூன்று முறை பம்ப்பை நிறுத்திப் போடுங்கள், ஒவ்வொரு முறையும் தானாக அமைதியாக வேண்டும். அடுத்து சைஃபன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மற்ற இரண்டும் தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கினால் உப்பைக் கரைக்கலாம். குழாய்க்குள் வழவழப்புப் படியும்போது முதல் இரண்டு வாரம் மட்டம் லேசாக மாறிக்கொண்டிருக்கும், வால்வைக் கால் சுற்றுத் திருப்பிச் சரிசெய்யுங்கள். மட்டம் மாறாமல் நின்ற பிறகு வால்வ் கைப்பிடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள், கழற்றிக் கழுவும்போது அது உதவும்.