‘ஹிந்து மீல்’ என்றால் சைவம் அல்ல: மட்டக்களப்புக்கு வருவோரின் விமானச் சாப்பாடு

ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரத்தில் தீர்த்தமாட வருகிறவர்களில் பலர் வீட்டிலிருந்தே சைவமாக வெளிக்கிடுவார்கள். டிக்கெட் போடும்போது சாப்பாட்டுப் பட்டியலில் ‘ஹிந்து மீல்’ என்றிருப்பதைக் கண்டதும், இதுதான் நமக்கு என்று அதையே தெரிவு செய்துவிடுவார்கள். மேலே போய் மூடியைத் திறந்தால் கோழிக்கறி! எச்.என்.எம்.எல் என்ற குறியீட்டோடு வரும் அந்தச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி இராது. கோழி, ஆடு, மீன், முட்டை எல்லாம் வரலாம்.

சைவக்காரர் கேட்கவேண்டியது ஏ.வி.எம்.எல். சோறு, பருப்பு, மரக்கறி என்று இந்தியச் சமையலாக வரும். பால், தயிர் சேர்ந்திருக்கும். பாலும் வேண்டாம் என்றால் வி.ஜி.எம்.எல். அது பெரும்பாலும் மேல்நாட்டுச் சமையல், உறைப்பை எதிர்பார்க்க வேண்டாம். காத்தான்குடி, அக்கரைப்பற்றுக்கு வருகிற முஸ்லிம் உறவுகள் எமிரேட்ஸிலோ கட்டார் ஏர்வேஸிலோ வந்தால் ஹலாலுக்கென்று தனியாகக் கேட்கத் தேவையில்லை. மற்ற விமானங்களில் எம்.ஓ.எம்.எல் கேளுங்கள்.

புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணித்தியாலம் முன்பு சொல்லிவிட வேண்டும் என்பதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கு. டுபாயிலோ டோஹாவிலோ மாறி வருகிறவர்கள் இரண்டு விமானத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் “எல்லாம் போட்டாச்சு அண்ணை” என்பார். சரி, இருந்தாலும் பதிவு எண்ணைப் போட்டு நீங்களே ஒருமுறை பார்ப்பது நல்லது. பயணத் திகதியை மாற்றினால் சாப்பாட்டையும் புதிதாகக் கேட்க வேண்டிவரலாம். விசேட சாப்பாட்டில் ஆசன இலக்கம் ஒட்டியிருக்கும். பிள்ளைக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு நீங்கள் இடம் மாறி இருந்தால் பணிப்பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.

வயதான அம்மா அப்பாவைக் கூட்டி வருகிறவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சீனி வருத்தத்துக்கு டி.பி.எம்.எல் (DBML), பிரஷருக்கு உப்புக் குறைந்த எல்.எஸ்.எம்.எல் இருக்கின்றன. ஆனால் ஒரு பயணிக்கு ஒரு குறியீடுதான் பதிய முடியும். சைவமும் சீனியும் சேர்ந்தவர் ஏ.வி.எம்.எல் எடுத்துக்கொண்டு இனிப்பை ஒதுக்கிவிடலாம். இன்சுலினும் குளிசைகளும் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். வைத்தியரின் கடிதமும் கூடவே இருக்கட்டும். சாப்பாட்டு நேர இன்சுலினைத் தட்டு முன்னால் வந்தபிறகு போடுவதுதான் பாதுகாப்பு. விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். பிஸ்கட் பக்கெட் ஒன்று கையில் இருந்தால் பதற்றமில்லை.

கட்டுநாயக்காவில் இறங்கியதோடு பயணம் முடிந்துவிடாது. தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று வான் (van) பிடித்து வந்தாலும் ஆறேழு மணித்தியாலம் ஆகும். கல்முனை, திருக்கோவிலுக்கு இன்னும் கூட. விமானத்தில் சாப்பிட்டது அதுவரை தாங்காது. வழிக்கடைகளில் சோறு, பருப்பு, மரக்கறி கிடைக்கும். ஆனால் பருப்புக்கறியில்கூட மாசிக் கருவாடு போட்டிருப்பார்கள், சைவக்காரர் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் முக்கோணமாக இருக்கிற பணிஸுக்குள்ளும் மீன்தான். வாழைப்பழம், அவித்த சோளம் என்றால் யாரையும் கேட்கத் தேவையில்லை.