தைப்பட்ட மாடித்தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தையில் விதைத்தவர்கள் மாசிக் கடைசியில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நாற்று நாலு இலையோடு நின்றுவிட்டது, இலை ஓரம் கருகுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. பைக்கு ஓட்டை போடுங்கள், விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

கோகோபீட்டைக் கழுவாமல் நிரப்புவது

பணமும் பட்டமும் சேர்ந்து போவது இதில்தான். கோகோபீட் என்பது தேங்காய் மட்டையின் நார்த்தூள். அந்த மட்டையிலேயே பொட்டாசியமும் குளோரைடும் அதிகம். உப்புத்தண்ணீரில் ஊறவைத்த மட்டை என்றால் சோடியமும் சேர்ந்துகொள்ளும். கட்டியாக அழுத்தி விற்கும்போது இந்த உப்பு அப்படியே உள்ளே இருக்கும். உறையில் 'கழுவியது' என்று அச்சிட்டிருப்பதை நம்பி, வாளியில் ஊறவைத்த கையோடு பைக்குள் கொட்டிவிடுகிறார்கள்.

பிறகு நடப்பதும் ஒரே வரிசைதான். விதை முளைத்துவிடும், அதனால் சந்தேகமே வராது. மூன்றாவது வாரம் வளர்ச்சி நிற்கும். சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுவார்கள், உப்பு இன்னும் ஏறும். தப்பிப் பிழைத்த தக்காளியில் காய் பிடித்ததும் அடிப்பக்கம் கருத்து அழுகும். அது பூஞ்சாணம் அல்ல, காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததன் விளைவு. காரணம் புரிவதற்குள் பங்குனி வந்துவிடும், மறுபடி விதைக்கக் காலம் இருக்காது.

சரியான முறை இது. 5 கிலோ கட்டியை 30 லிட்டர் தண்ணீரில் உதிர்த்து ஊறவையுங்கள். ஏறக்குறைய 70 லிட்டர் அளவுக்கு ஊதிப் பெருகும். பழைய சாக்கில் அள்ளிப்போட்டு, தண்ணீர் ஊற்றிப் பிழியுங்கள். நிறம் தெளிந்தால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். உப்பு கண்ணுக்குத் தெரியாது. குடிநீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் வீட்டில் இருந்தால் எடுங்கள். குழாய்த் தண்ணீரின் அளவுக்கும் பிழிந்த தண்ணீரின் அளவுக்கும் உள்ள வித்தியாசம் 250-க்குக் கீழே வரும்வரை கழுவுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே ஆயிரத்தைத் தாண்டுகிறது என்றால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும்.

கழுவினால் போவது தளர்வாக இருக்கும் உப்பு மட்டும். நாரோடு ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது. பின்னால் நீங்கள் கொடுக்கும் கால்சியத்தை நார் பிடித்துவைத்துக்கொண்டு, அவற்றைச் செடியின் பக்கம் தள்ளிவிடும். அதனால் கழுவிய பிறகு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 30 லிட்டரில் கரைத்து, அதில் ஒருநாள் ஊறவிட்டு, வடித்து, ஒருமுறை அலசுங்கள். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் ஜிப்சம் கலக்கலாம், ஆனால் அது மெதுவாகத்தான் கரையும். முட்டை ஓட்டை நம்ப வேண்டாம். அது கரைவதற்குள் தக்காளியின் ஆயுளே முடிந்துவிடும்.

ஏற்கெனவே நட்டுவிட்டீர்களா? பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வடியவிடுங்கள். இரண்டு நாள் கழித்து உரத்தை வழக்கத்தில் பாதி அளவு கொடுங்கள்.

செம்மண்ணை மட்டும் நிரப்புவது

12 அங்குல அகலமும் உயரமும் உள்ள வட்டப் பை 22 லிட்டர் கொள்ளும். ஈரச் செம்மண் என்றால் ஒரு பையே 35 கிலோவுக்கு மேல் போகும்; இருபது பைகளின் எடையைத் தளம் சுமக்க வேண்டும். போதாததற்கு இறுகி, வேருக்குக் காற்று போகாது. கழுவிய கோகோபீட் இரண்டு பங்கு, மக்கிய தொழுஉரம் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு போதும்.

மாசியில் காலிஃபிளவர்

வேண்டாம். வெண்டை, கொத்தவரை, கீரை போடுங்கள்.

நிழல்வலைக்குச் சித்திரை வரை காத்திருப்பது

இளவேனில் என்று நாள்காட்டி சொல்வது சித்திரையைத்தான். ஆனால் அதற்குள் தளம் கொதிக்க ஆரம்பித்துவிடும். பங்குனி பிறந்ததும் 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள்.

தினமும் தண்ணீர்

விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள்.

வெயிலில் வேப்பெண்ணெய்

இலை கருகும். லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில்.

எல்லாப் பூவுக்கும் காலையிலேயே மகரந்தம் சேர்ப்பது

மாடிக்குத் தேனீ வருவது குறைவு என்பதால் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவிவிடுவது நல்ல பழக்கம்தான். பூசணிக்கும் பாகலுக்கும் காலை சரி. பீர்க்கனும் சுரையும் மாலையில் மலர்பவை. காலையில் போனால் நேற்றைய வாடிய பூதான் கிடைக்கும், பிஞ்சும் மஞ்சளாகி உதிரும். இந்த இரண்டுக்கும் பொழுது சாயும் நேரத்தில் மாடி ஏறுங்கள்.