காட்டுப்பன்றிகளில் கொள்ளைநோய்: களத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2007இல் ஜார்ஜியாவுக்குள் நுழைந்தது. 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளையும் 2018இல் சீனாவையும் எட்டியது. மனிதருக்கு இது தொற்றாது. 'பன்றிக் காய்ச்சல்' என்ற பெயரில் மனிதரிடையே பரவிய எச்1என்1 காய்ச்சல் வேறு, இது வேறு. ஆனால் இந்த வைரஸ் தொற்றிய ஐரோப்பிய, ஆசியக் காட்டுப்பன்றிகளில் பத்துக்கு ஒன்பது செத்துவிடும். இவ்வளவு கொல்லும் நோய் காட்டுத்தீயாகப் பரவும் என்று நினைப்பதே முதல் தவறு. மற்ற பல தவறுகள் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

உண்மையில் இது மெல்ல நகரும் நோய். ஐரோப்பியக் காடுகளில் பன்றிக்குப் பன்றி தொற்றி அது முன்னேறியது பெரும்பாலும் மாதத்துக்கு ஓரிரு கிலோமீட்டர்தான். நோயுற்ற விலங்கு சில நாட்களிலேயே செத்துவிடுவதால் அதிகப் பன்றிகளோடு உறவாட அதற்கு நேரம் இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நோய் திடீரென்று முளைத்தால் அதற்குக் காரணம் பன்றி அல்ல, மனிதர். வீசியெறிந்த இறைச்சித் துண்டு, மண் ஒட்டிய காலணி, கழுவாத வண்டிச் சக்கரம் ஆகியவைதான் வைரஸைச் சுமந்து வருகின்றன.

செய்தி வந்ததும் வேட்டைக்கு இறங்குவது

நாய்களை விட்டு விரட்டி வேட்டையாடினால் தப்பிய பன்றிகள் தங்கள் வழக்கமான எல்லையை விட்டு ஓடும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் ஊர்ந்துகொண்டிருந்த நோயை ஒரே நாளில் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோக இதைவிட எளிய வழி கிடையாது. செக் குடியரசின் ஸ்லீன் பகுதியில் 2017இலும், பெல்ஜியத்தில் 2018இலும் இதற்கு நேரெதிரான வழியில் போனார்கள். நோய் கண்ட மையப் பகுதிக்கு வேலி போட்டு, அங்கே வேட்டையையும் பொதுமக்கள் நடமாட்டத்தையும் நிறுத்தி, சடலங்களைத் தேடி அகற்றினார்கள். உள்ளே எஞ்சிய பன்றிகளைப் பயிற்சி பெற்றவர்கள் கூண்டு வைத்தும் அமைதியாகச் சுட்டும் குறைத்தது அதற்குப் பிறகுதான். இரு நாடுகளும் அந்தப் பரவலை முற்றிலும் ஒழித்தன. 2023இல் நோய் கண்ட ஸ்வீடனும் இதே வழியில் ஓராண்டுக்குள் மீண்டது.

சடலத்தை 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்று விடுவது

இதுதான் மிகப் பெரிய தவறு. பன்றி செத்த பிறகும் வைரஸ் சாவதில்லை. குளிர்ந்த இடங்களில் சடலத்துக்குள் மாதக்கணக்கில் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் இன்னும் நீடிக்கும். மற்ற பன்றிகள் சடலத்தை முகர வருகின்றன. சதை போன பின்பும், அது கிடந்த மண்ணைக் கிளறிப் புழு தேடுகின்றன. இதனால்தான் பன்றிகள் மிகவும் குறைந்துபோன காட்டிலும் நோய் நீடிக்கிறது. எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாக அணைந்துவிடும் என்று நம்பி ஓய்ந்துவிடக் கூடாது.

தேடும் இடத்திலும் தவறு நடக்கிறது. காய்ச்சல் கண்ட பன்றி குளிர்ச்சியை நாடிப் போகும்: ஓடைக்கரை, சதுப்பு, நெருங்கிய இளமரப் புதர். பாதையோரம் மட்டும் நடக்கும் குழுவுக்கு இவை தென்படாது. புதருக்குள் ஆட்கள் சில மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடக்க வேண்டும்.

கண்டெடுத்த சடலத்தை அங்கேயே அறுக்காதீர்கள். இந்த வைரஸ் மிக அதிகமாக இருப்பது இரத்தத்தில். தரையில் இழுத்துச் செல்வதும் கூடாது, இழுத்த தடம் முழுவதும் தொற்று படியும். கசியாத இரட்டைப் பைக்குள் இட்டுத் தூக்கிச் சென்று எரிக்க வேண்டும். முடியாத இடத்தில் பன்றி தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். கிடந்த இடத்தில் நீற்றிய சுண்ணாம்பு தூவுவது வழக்கம். காலணியையும் கருவிகளையும் முதலில் சேறு போகத் தேய்த்துக் கழுவிய பிறகே கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். 0.03 முதல் 0.5 சதவீதம் குளோரின் உள்ள ஹைப்போகுளோரைட் கரைசல் என்றால் 30 நிமிடம். சேற்றோடு முக்கியெடுத்தால் அந்தச் சேறே மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும்.

தவறான விலங்கில், தவறான சோதனை

வேட்டையில் கிடைத்த நூறு பன்றிகளைச் சோதித்தோம், ஒன்றிலும் இல்லை, ஆகவே நோய் இல்லை என்ற முடிவு ஆபத்தானது. நோயுற்றவை பெரும்பாலும் ஓடித் திரியும் நிலையில் இருப்பதில்லை. தானாகச் செத்துக் கிடந்த சில பன்றிகளின் மாதிரி, சுட்டுக் கொன்ற பல பன்றிகளின் மாதிரியைவிட அதிகம் சொல்லும்.

ஆன்டிபாடி, அதாவது நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம், இருக்கிறதா என்ற சோதனையை மட்டும் நம்புவதும் அப்படித்தான். ஆன்டிபாடி தெரியவே தொற்றிய பின் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் பெரும்பாலானவை செத்துவிடும். வைரஸைத் தேட, அதன் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர் சோதனை வேண்டும். அழுகிய சடலம் பயன்படாது என்று ஒதுக்காதீர்கள், நீண்ட எலும்பின் மஜ்ஜை போதும். புதிய சடலமானால் இரத்தம் தோய்த்த பஞ்சுக்குச்சியே போதுமான மாதிரி. பி.சி.ஆருக்கான மாதிரியை ஃபார்மலினில் போடாமல், 4 டிகிரி குளிரில் அனுப்புங்கள்.

கண்ணால் பார்த்து நோயின் பெயரைச் சொல்லவும் முடியாது. வேறொரு வைரஸால் வரும் கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலும் இதுவும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றே. கருத்து வீங்கிய மண்ணீரல், பாக்டீரியா நோயான ஆந்த்ராக்ஸிலும் வரும். அது மனிதரைக் கொல்லக்கூடியது. மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் கசிந்தால் கத்தியைத் தொடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

எண்ணிக்கையைப் பிழையாகப் படிப்பது

கிடைத்த சடலங்கள் செத்தவற்றில் ஒரு பங்குதான். வேட்டைக் கணக்கு வேட்டையாடியவரின் உழைப்போடு ஏறி இறங்குவது. அதைப் பன்றிகளின் மொத்த எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால், வேட்டையைத் தடை செய்த ஆண்டில் பன்றிகளே இல்லை என்று ஆகிவிடும். நோய்க்கு முன்னும் பின்னும், அதே பருவத்தில், அதே இடங்களில் வைத்த தானியங்கிக் கேமராப் பதிவுகளை ஒப்பிட வேண்டும். குட்டி போடும் பருவத்தை மற்றொரு பருவத்தோடு ஒப்பிட்டால் கணக்கு பொய்க்கும். எத்தனை பேர், எந்தப் பரப்பில், எவ்வளவு நேரம் தேடினார்கள் என்பதை ஒன்றும் கிடைக்காத நாளிலும் குறித்து வையுங்கள்.

எல்லாப் பன்றியையும் ஒன்றாகக் கருதுவது

ஐரோப்பாவின் காட்டுப்பன்றி ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் போடும். பலமாக அடிபட்டாலும் சில ஆண்டுகளில் எழும். போர்னியோத் தீவின் சபா மாநிலத்தில் 2021இல் தாடிப்பன்றிகள் கூட்டமாக மடிந்தன. அசாமின் புல்வெளிகளில் சில நூறாக எஞ்சியிருக்கும் குள்ளப்பன்றிக்கு ஒரே ஒரு தொற்று கூடப் பேரிழப்பு. ஆப்பிரிக்காவின் வார்ட்ஹாக் பன்றியோ இந்த வைரஸைச் சுமந்தும் நோய்ப்படுவதில்லை. அதன் வளைகளில் வாழும், இரத்தம் குடிக்கும் மென்னுண்ணிகளே வைரஸின் பழைய இருப்பிடம். ஒன்றில் பலித்த நடவடிக்கையை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது.

நோய்க்கு நோயும் அப்படித்தான். கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் குட்டிகளையே அதிகம் கொல்லும், பிழைத்த பெரியவற்றுக்கு எதிர்ப்புத்திறன் உண்டு. அதனால்தான் ஜெர்மனியில் தீனியில் வைத்த தடுப்பு மருந்து பலன் தந்தது. அந்த மருந்து ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைத் தடுக்காது. மற்றொரு வைரஸ் நோயான ஆஜெஸ்கி தொற்றினால், வளர்ந்த காட்டுப்பன்றி வெளியே நலமாகவே தெரியும். ஆனால் அதன் பச்சை இறைச்சியைத் தின்ற நாய் சில நாட்களில் செத்துவிடும், சிகிச்சை கிடையாது. வேட்டை நாய்க்குப் பன்றியின் குடலை வீசும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.