தானத் தோலை ஒட்டும்போது செய்யும் தவறுகள்

போன வாரம் தீக்காய வார்டில் ரவுண்ட்ஸ் போனபோது, புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர், தானத் தோல் (இறந்தவரிடமிருந்து எடுத்தது) ஒட்டிய நோயாளியின் கேஸ் ஷீட்டில் "தோல் பிடித்துவிட்டது" என்று எழுதியிருந்தார். 10 வருடத்துக்கு முன் நானும் எழுதிய வரி. அதனால்தான் இதை எழுதுகிறேன். லேபிள், தொற்றுப் பரிசோதனை முடிவு எல்லாம் பார்க்க உங்களுக்குத் தெரியும், அதைச் சொல்லப்போவதில்லை.

ஒட்டியதும் நிம்மதியாகிவிடுவது

இறந்தவர் தந்த தோல் நிரந்தரமில்லை. புண்ணை மூடும், நீர் வடிவதைக் குறைக்கும், வலியைத் தணிக்கும், கிருமியைத் தடுக்கும். 2, 3 வாரத்தில் உடம்பு அதைத் தள்ளிவிடும். நிலைப்பது சொந்தத் திசுதான். 1940-களின் கடைசியில் அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட் இதே வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தியதும் அவரவர் தசைநாரை இடம் மாற்றித்தான்.

குடியாத்தம் பக்கத்து அம்மா ஒருவர். அடுப்படியில் சேலை பற்றி, உடம்பில் பாதி வெந்துவிட்டது. தோல் எடுக்கத் தோதாக இருந்தது தொடை இரண்டும்தான். அங்கே எடுத்த தோல் கைக்கும் கழுத்துக்கும் சரியாகப் போனது. மார்புக்கும் வயிற்றுக்கும் தானத் தோல் போட்டோம். 5-ஆம் நாள் கட்டைப் பிரித்தால் விளிம்பெல்லாம் படிந்து, வாடையே இல்லாமல் இருந்தது. "பிடிச்சிடுச்சுங்க" என்றேன். வீட்டுக்காரர் அன்றே ஊருக்குப் போய் கெங்கையம்மனுக்கு நேர்ந்ததைச் செலுத்திவிட்டு வந்தார்.

தொடை 12-ஆம் நாளே ஆறிவிட்டது. மறுபடி தோல் எடுத்திருக்கலாம். தியேட்டரில் வேறு கேஸ்கள் வந்தன; நாளை, நாளை மறுநாள் என்று தள்ளினேன். 19-ஆம் நாள் தானத் தோல் மஞ்சளாகிக் கழன்றது, கட்டுத் துணியில் பச்சைச் சீழ். பழையபடி ரணம். இன்னும் 3 ஆபரேஷன், ஒன்றரை மாதம். "பிடிச்சிடுச்சுன்னு சொன்னீங்களே சார்?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. சாவு வீட்டில் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டவர்கள் தந்த தோல் அது. அதை வீணாக்கினேன்.

ஒட்டுகிற அன்றே அடுத்த தியேட்டர் தேதியை வாங்கி ஷீட்டின் மேலே எழுதுங்கள். வீட்டாரிடம், "இது வீடு இல்லைங்க, வீடு கட்டி முடியிற வரைக்கும் போட்ட கொட்டகை" என்று முதல் நாளே சொல்லுங்கள். சொந்தத் தோல் ரொம்பக் குறைவென்றால், அதை 6 மடங்கு விரியும் வலையாக்கிப் போட்டு, மேலே தானத் தோலைப் போர்த்துங்கள். அடியில் சொந்தத் தோல் பரவப் பரவ மேலே உள்ளது தானாக உதிரும்.

கரிந்த திசுமேல் ஒட்டுவது

சீழை உள்ளே வைத்து மூடுவதற்குச் சமம்.

இரத்த வகை தேடுவது

தோலுக்கு வேண்டாம்.

கிளிசராலோடு ஒட்டுவது

85 சதவீதக் கிளிசராலில், 4 முதல் 8 டிகிரி குளிரில் 5 வருடம்வரை வைக்கிற தோல் இது. பாக்கெட்டிலிருந்து எடுத்தால் விறைப்பாக, வழவழவென்று இருக்கும். சலைனை (மருத்துவ உப்பு நீர்) மாற்றி மாற்றி அலசுங்கள். வழவழப்பு போய்த் துணிபோலத் துவள வேண்டும். ஆம்பூர் தோல் ஷெட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவர், "பச்சைத் தோலுக்கு உப்புப் போடுற மாதிரிங்களா?" என்று கேட்டார். சரியாகப் பிடித்துவிட்டார். இரண்டிலும் ஈரத்தை இழுத்துத்தான் அழுகலைத் தடுக்கிறோம்.

கேட்கத் தயங்குவது

இறந்து 6 மணி நேரத்துக்குள் தோலை எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் போய் எப்படிக் கேட்பது என்று ஒதுங்கிவிடுகிறோம். சென்ற வருடம் இறந்துபோன ஒருவரின் மகனிடம் கேட்டேன். "முகத்துல எடுப்பீங்களா?" என்றார். தொடையிலும் முதுகிலும் மேலாக மெல்லிய படலம் மட்டும், கட்டுப் போட்டுத் தருவோம், வேட்டி சட்டை போட்டால் வெளியே தெரியாது என்றேன். சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்து, பேனா கேட்டார்.