போர்க்கால விமானத் தளத்தின் வரலாற்றைத் தேடும் முறை

இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளங்களைப் பற்றிய இத்தேடலை இலங்கை மலையகத்திலிருந்து தொடங்குபவர் முதலில் நில அமைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். லிபரேட்டர் போன்ற பெரிய போர் விமானங்கள் இறங்குவதற்கேற்ற நீண்ட சமதரை நமது மலைகளில் அரிது. அதனால் தென்கிழக்காசிய நேசப் படைகளின் தலைமையகம் 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் கீழ்ப் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபோதும், பெரிய ஓடுபாதைகள் மாத்தளைக்கு வடக்கே சிகிரியா, மின்னேரியா போன்ற சமவெளிகளில்தான் இருந்தன.

அடுத்து ஆவணங்களைத் தேடுங்கள். லண்டன் கியூவிலுள்ள பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தில், விமானப் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள் ஏ.ஐ.ஆர். (AIR) 27 என்ற வரிசையிலும், தளங்களின் நாட்குறிப்புகள் ஏ.ஐ.ஆர். 28 என்ற வரிசையிலும் உள்ளன. புதியவர்கள் முதல் வரிசையோடு நின்றுவிடக் கூடாது. பிரித்தானிய விமானப்படையின் 160ஆம் படைப்பிரிவு 1943இல் சிகிரியாவிலும், 1944இல் காங்கேசன்துறையிலும், 1945இல் மின்னேரியாவிலும் இருந்தது. அதன் குறிப்பை மட்டும் பின்தொடர்ந்தால் பிரிவு இடம்மாறியதும் தளத்தின் கதை கைநழுவிவிடும். அன்றைய மின்னேரியாத் தளம் இன்று ஹிங்குராக்கொடை என்று அழைக்கப்படுவதால் இரு பெயர்களிலும் தேடுங்கள். கண்டிப் போர் மயானத்தின் கல்லறைகளில் பிரிவும் மரணத் தேதியும் பொறிக்கப்பட்டிருப்பது, நாட்குறிப்பில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று வழிகாட்டும்.

நேரில் செல்வதாயின், இலங்கை விமானப்படை வசமுள்ள இடங்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுங்கள். கைவிடப்பட்ட தளத்தைச் சுற்றியுள்ள வேலிகளையும் கவனியுங்கள்; பழைய ஓடுபாதைத் தகடுகள் அவற்றில் இருக்கக்கூடும். அக்காலத்துத் தற்காலிக ஓடுபாதைகளில் விரித்த துளையிட்ட இரும்புத் தகடு 10 அடி நீளமும் 15 அங்குல அகலமும் கொண்டது. மூன்று வரிசையாக மொத்தம் 87 வட்டத் துளைகள் இருக்கும். துருவேறியிருந்தாலும், நீள விளிம்பில் பக்கத்துத் தகட்டோடு கோப்பதற்கான கொக்கிகளை விரலால் தடவியே அறியலாம். மண்ணில் புதைந்த உலோகப் பொருள் எதையும் தோண்டாதீர்கள். வெடிக்காத குண்டாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு எல்லாவற்றிலும் அவசரமாகப் படுவது முதியவர்களின் வாக்குமூலம். நாட்குறிப்புகள் பறப்புகளைச் சொல்லும். நிலத்தைச் செப்பனிட்ட கூலியாட்களின் பெயர்களை அவற்றில் எதிர்பார்க்க முடியாது. 1944இல் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பாட்டியிடம் ஆண்டைக் கேட்காமல், “கொழும்புல குண்டு விழுந்ததுக்கு முந்தியா, பிந்தியாங்க அம்மாயி?” என்று கேளுங்கள், அந்தத் தாக்குதல் நடந்தது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. விமானம் எந்த மலைப்பக்கமிருந்து வந்தது என்பதைக் கையால் காட்டச் சொல்லி, அத்திசையை வரைபடத்தில் குறியுங்கள்.

இலங்கையும் இந்தியாவும் 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நம் உறவினர் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதால், இவ்வரலாற்றின் ஒரு பங்கு இன்று நீலகிரியில் இருக்கிறது. கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருக்கும் பெரியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, பெயரையும் பிறந்த தோட்டத்தையும் முதலிலேயே சொல்லச் செய்து, அவர்களின் சம்மதத்துடன் பதிவு செய்யுங்கள்.